வாசிக்கிறார்கள், ஆனால் விளங்கவில்லை

கேள்வி: பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டுக்குத் தமிழ் போதிக்கிறேன். பிள்ளைகள் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள். கருத்துணர்தல் என்று வந்தால், கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து அந்த வரியை அப்படியே எழுதிவிடுகிறார்கள். பயிற்சித்தாள் கொடுத்து அலுத்துப்போனேன். என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, பினாங்கு

பதில்: டீச்சர், பயிற்சித்தாளைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். கேள்வி கேட்டுத் திருத்துவது சோதனை. புரிந்துகொள்ளச் சொல்லித்தருவது வேறு வேலை. 1970களின் கடைசியில் டொலோரஸ் டர்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்தார். 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தில், கருத்துணரச் சொல்லித்தந்தது வெறும் 20 நிமிடம்! உங்களை மட்டும் நொந்துகொள்ளாதீர்கள்.

பத்தி முடியும்வரை காத்திருக்காமல் நடுவிலேயே நிறுத்துங்கள். தைப்பூசத்தைப் பற்றி இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘தேர் தண்ணீர்மலையை நெருங்கியபோது தம்பி அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தான். கையிலிருந்த முறுக்கு நழுவி விழுந்தது. எடுத்துத் தரச்சொல்லி அழவில்லை.’ ஏன் அழவில்லை? ‘தூக்கம்’ என்ற சொல்லே அதில் இல்லை. தேடுகிற பிள்ளை திணறும். அங்கே நீங்கள் வாய்விட்டு யோசியுங்கள்: “தலை சாய்ந்திருக்கு, முறுக்கு விழுந்தது தெரியல... ஓ, தூங்கிட்டான்!” உங்கள் மனசு எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும். அடுத்த பத்தியில் அவர்களை யோசிக்க விடுங்கள். யார் பதில் சொன்னாலும், “எதை வைத்துச் சொல்றே?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை நான் பெரிதும் நம்புகிறேன்.

பிறகு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் புரியாத இடத்தைத் தெளிவாக்க, ஒருவர் சுருக்கிச் சொல்லட்டும். அடுத்த பத்திக்கு வேலையை மாற்றிக்கொள்ளலாம். பாலின்சர், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட முறையில் உள்ள நான்கு வேலைகள்தாம் இவை. வாசிப்பு நன்றாக வந்தும் பொருள் பிடிபடாத பிள்ளைகளுக்காகவே அதை உருவாக்கினார்கள்.

குழுவில் வீட்டுத் தமிழில் பேசட்டும், நடுவில் மலாய்ச் சொல் வந்தாலும் பரவாயில்லை. எழுதும்போது எழுத்துத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு பாடவேளைக்கு ஒரு பத்தி போதும். புள்ளிகள் உடனே ஏறாது. “டீச்சர், இந்த இடம் எனக்குப் புரியல” என்று பிள்ளைகள் தாமாகச் சொல்லத் தொடங்குகிறார்களா என்று முதலில் கவனியுங்கள்.