அப்பாவின் பிசிஆர் 1.9%: டாக்டரிடம் என்ன கேட்பது?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. சிஎம்எல் என்கிற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கு ஏழு மாதமாக இமாட்டினிப் 400 மி.கி. சாப்பிடுகிறார். ரத்தத்தில் மிச்சமிருக்கும் நோயை அளக்கும் பிசிஆர் (PCR) டெஸ்ட் மூன்றாம் மாதம் 8.2%, ஆறாம் மாதம் 1.9%. ரத்த அணுக்கள் நார்மல். டாக்டர் "பரவாயில்லை, தொடருங்க" என்றார். மேற்கொண்டு கேட்கத் தெரியவில்லை. அப்பா முருக பக்தர். விரத நாளில் வெறும் வயிறு என்பதால் மாத்திரையை விட்டுவிடுவார். அடுத்த முறை என்ன கேட்கலாம்?

பதில்: விரதத்தைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். மாதம் இரண்டு சஷ்டி, ஒரு கிருத்திகை என்றாலே மூன்று மாத்திரை போச்சு, பத்தில் ஒரு பங்கு. ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாளும் விட்டாரா? இந்த மருந்தில் பாதி சுமார் 18 மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். நோயை ஓட்டும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL; டெஸ்ட்டின் பெயரான PCR வேறு) புரதத்தைத் தினமும் அடக்கிவைத்தால்தான் பலன்.

சிபிசி, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, நார்மல் என்பது நல்ல சேதிதான். ஆனால் அது முதல் சில மாதங்களிலேயே சரியாகிவிடும். மிச்சமிருக்கும் நோயை அது காட்டாது. அதைக் காட்டுவது பிசிஆர். சர்வதேச அளவுகோலில் (ஐஎஸ்) மூன்றாம் மாதம் 10%, ஆறாம் மாதம் 1%, ஓராண்டில் 0.1% அல்லது அதற்கும் கீழே வருவதுதான் இலக்கு. அப்பா முதல் படியைத் தாண்டிவிட்டார். இரண்டாவதில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறார். மருந்து தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. 1-க்கும் 10-க்கும் நடுவே இருந்தால் 'எச்சரிக்கை' என்று வைத்துக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: "ஆறு மாத இலக்குக்கு இது எங்கே நிற்குது டாக்டர்? அடுத்த பிசிஆர் எப்போ? எண் இறங்கலேன்னா மருந்தை மாத்துவீங்களா, அதுக்கு முன்னாடி மியூட்டேஷன் டெஸ்ட் எடுப்பீங்களா?" (மருந்துக்கு மசியாத மரபணு மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் மியூட்டேஷன் டெஸ்ட்.) ரிப்போர்ட்டில் ஐஎஸ் அளவுகோல் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே லேபில் எடுத்தவையா? லேப் மாறினால் எண்களை ஒப்பிடுவதே சிக்கல். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். டாக்டருக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் தேடுவதிலேயே போய்விடக் கூடாது.

கண்ணுக்குக் கீழ் வீக்கம், ராத்திரி கெண்டைக்கால் இழுப்பு, குமட்டல் இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பலர் இவற்றுக்குப் பயந்துதான் யாருக்கும் தெரியாமல் மாத்திரையை விடுகிறார்கள். நாட்டு மருந்து, கஷாயம் ஏதும் ஓடுகிறதா? அதையும் சொல்லுங்கள். பம்பளிமாஸ் வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும்.

விரத விஷயத்தை நீங்கள் போட்டுக்கொடுப்பதுபோல் ஆகாமல், அப்பாவே சொல்லட்டும். "விரதத்தன்னிக்குப் பால், பழத்தோட போட்டுக்கலாமா?" என்று அவர் கேட்டால் போதும். இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடும் நிறையத் தண்ணீரோடும் சாப்பிடச் சொல்வது வயிற்றைப் புரட்டாமல் இருக்கத்தான். விட்டுப்போன மாத்திரைக்கு ஈடாக மறுநாள் இரண்டாகப் போட மட்டும் விடாதீர்கள். காய்ச்சல், மூச்சுத்திணறல், நிற்காத ரத்தக்கசிவு என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள்.