வாங்கும் முன், வாங்கிய பின்: ஏர்போர்ட்டில் வீல்சேர்

அப்பாவுக்குச் செயற்கைக் கால். விமான நிலைய பார்க்கிங்கில் வீல்சேர் படம் போட்ட இரண்டு இடத்திலும் வேறு கார்கள். கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். நடந்து வர நேரமாகி, கூடுதல் கட்டணமும் கட்டினோம். திரும்பக் கிடைக்குமா? (தஞ்சாவூர் வாசகர்)

ரசீதை வைத்திருக்கிறீர்களா? அதோடு கார் நின்ற இடத்தின் படத்தையும் சேர்த்து நிலைய நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். நகலை டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்கு அனுப்புங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு விமான நிலையத்தையும் பார்க்கிங்கையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பணம் வருமா என்பது வேறு, புகார் பதிவாகட்டும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய எரிச்சல் ஒன்று உண்டு. வீல்சேர் படம் போட்ட அந்த இடம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சாதாரண கார் நிறுத்தும் இடம் 2.5 மீட்டர்தான். மிச்சமுள்ள ஒரு மீட்டர் சொச்சம் காருக்கானது இல்லை. கதவை முழுசாகத் திறந்து, வீல்சேரைச் சீட்டோடு ஒட்டி நிறுத்தி, ஒரு கையைக் கதவிலும் ஒரு கையை நாற்காலியிலும் ஊன்றி ஒருவர் உடம்பை நகர்த்துவதற்கானது. அந்தக் கோடு போட்ட பட்டையில்தான் பைக்கை நிறுத்துகிறார்கள், ட்ராலியை அடுக்குகிறார்கள். வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டி. நம்மவர்களுக்கோ பெயிண்ட் காய்ந்ததும் வேலை முடிந்தது.

ஆன்லைனில் 199 ரூபாய்க்கு வீல்சேர் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டியும் பார்க்கிங்கில் மதிக்கவில்லை. வீட்டில் மாற்றுத்திறனாளி யாரும் இல்லை, மாமியாருக்கு மூட்டுவலி.

கிழித்துப் போடுங்கள்.

அம்மாவால் நிற்க முடியாது. டெர்மினல் வாசலில் ஒருவர் வீல்சேர் தள்ள 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். இது சரியா? (விழுப்புரம் வாசகர்)

சரியே இல்லை. அவசரத்தில் நிற்பவரிடம் பிடுங்கியிருக்கிறார், உங்கள் மேல் தப்பில்லை. நடக்க முடியாதவருக்கு விமான நிறுவனமே இலவசமாக உதவ வேண்டும். டிக்கெட் போடும்போதே கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிடுங்கள். நடந்ததை ஏர்சேவா என்ற, விமானப் பயணிகள் புகாருக்கான அரசுத் தளத்தில் பதியுங்கள்.

பேட்டரி வீல்சேர் வாங்கினேன். 'விமானத்தில் கொண்டுபோகலாம்' என்றார் விற்றவர். கழற்றும் லித்தியம் பேட்டரி, 24 வோல்ட், 20 ஆம்பியர்-அவர். கவுண்டரில் மறுத்துவிட்டார்கள்.

இரண்டையும் பெருக்கினால் 480 வாட்-அவர். கழற்றும் வகைக்கு வரம்பு 300. உங்களை ஏமாற்றிவிட்டார்கள் ஐயா. அந்த விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

மடக்கு வீல்சேர் எது வாங்கலாம்?

டிக்கியை அளந்துவிட்டு அப்புறம் கேளுங்கள். நான் அளக்கவில்லை. மைலேஜ் ஆசையில் சிஎன்ஜி கார் வாங்கினேன், மூன்று மாதம் கழித்து அம்மாவுக்கு வீல்சேர். டிக்கியில் சிலிண்டர் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. ஏர்போர்ட் போன அன்று வீல்சேர் பின் சீட்டில், கால்மிதி இரண்டும் முன்னால் அம்மா மடியில். "இதையும் விலைக்குத்தான் வாங்கினியாப்பா?" என்றார்.