கல்லூரியைப் பார்க்க வேலை நாளில் போங்கள்

கேள்வி: என் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறாள். பொறியியலுக்கு இரண்டு கல்லூரிகளைத் தேர்ந்து வைத்திருக்கிறோம். நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றிருக்கிறோம். ஏற்கெனவே போய்வந்தவர்களைக் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார்கள். நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அவர்கள் பெரும்பாலும் கல்லூரியே ஏற்பாடு செய்யும் பார்வையாளர் நாளில் போயிருப்பார்கள். அன்றைக்கு அரங்கம் பளபளக்கும், நன்றாகப் பேசத் தெரிந்த மாணவர்கள் சுற்றிக் காட்டுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியாது. வகுப்பு நடக்கும் நாளில், முன்கூட்டியே மெயில் போட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். முதலாண்டு வகுப்பு ஒன்றில் மகள் கடைசி வரிசையில் உட்காரலாமா என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

உள்ளே போனதும் நேராகத் துறைக்குப் போங்கள். அறிவிப்புப் பலகையில் தேதிகளைப் பாருங்கள். இந்த வாரத்து உள்தேர்வு மதிப்பெண், ஆய்வகக் குழுப் பட்டியல் எல்லாம் இருந்தால் துறை ஓடுகிறது. போன வருடத்துத் தாள் மஞ்சளித்துக் கிடந்தால் அதுவும் ஒரு பதில்தான். "இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில்தான்" என்பார்கள். சரி, கடைசியாக என்ன வந்தது என்று ஒரு மாணவரைக் கேளுங்கள்.

ஆய்வகத்தில் கருவிகள் எத்தனை என்பதைவிட, ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள் என்பதே முக்கியம். ஆறு பேர் சூழ்ந்து நின்றால் ஒருவர் செய்வார், மற்றவர்கள் அளவைக் குறித்துக்கொள்வார்கள். கை பழகாது. விலை உயர்ந்த இயந்திரங்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் பயன்பாட்டுப் பதிவேடு இருக்கும். அதில் பல மாதங்களாக ஒரு வரிகூட ஏறவில்லை என்றால், அந்த இயந்திரம் உங்களைப் போன்றவர்களுக்குக் காட்டத்தான் இருக்கிறது.

அப்புறம் மாணவர்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்காரர்களை கேன்டீனில் பிடியுங்கள். பெற்றோர் பக்கத்தில் நின்றால் பேச்சு மாறிவிடும். மகளே தனியாகப் பேசட்டும். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் வரும். நடந்ததைக் கேட்கச் சொல்லுங்கள்: போன வாரம் எத்தனை வகுப்பு நடக்கவில்லை? புரியாத பாடத்தை வகுப்புக்கு வெளியே ஆசிரியரிடம் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? இரண்டாவது கேள்விக்கு யோசிக்காமல் ஒரு ஆசிரியரின் பெயர் வந்தால் நான் அதற்கு நிறைய மதிப்பெண் போடுவேன்.

கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், படித்து முடித்தவர்களுக்குக் கிடைத்த சராசரிச் சம்பளத்தைச் சொல்வார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மாதம் 30,000, ஒருவருக்கு 3,30,000 என்றால் சராசரி 60,000 ஆகிவிடும். அந்த 60,000 அங்கே ஒருவருக்கும் கிடைக்கவில்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். '95 சதவீதம் பேருக்கு வேலை' என்றால் யாரில் 95? படித்து முடித்த எல்லோரிலுமா, வேலைவாய்ப்பு முகாமுக்குத் தகுதி பெற்றவர்களில் மட்டுமா? துறைவாரியாகவும் கேளுங்கள், இன்னொரு துறையின் கணக்கு உங்கள் மகளுக்கு உதவாது.

விடுதியில் மாதிரி அறையைக் காட்டினால், முதலாண்டு மாணவிகள் இப்போது தங்கியிருக்கும் மாடியைக் கேளுங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். வீட்டிலிருந்து போய்வருவதாக இருந்தால், முதல் வகுப்புக்குக் கிளம்ப வேண்டிய நேரத்திலேயே ஒருமுறை பயணம் செய்யுங்கள்.

ஒரே நாளில் இரண்டு கல்லூரியையும் முடிக்கப் பார்க்காதீர்கள். மாலைக்குள் எந்த ஆய்வகம் எங்கே பார்த்தது என்று குழம்பிவிடும். முதல் கல்லூரியைப் பற்றி நீங்களும் மகளும் தனித்தனியே அன்றைக்கே எழுதிவையுங்கள், பேசிக்கொள்வதற்கு முன்பு.

"இன்றைக்கே முன்பணம் கட்டினால்தான் இடம்" என்று யாராவது சொன்னால், சேராமல் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் பணத்தோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.