காலையில் ஓடுகிறேன், மாலையில் கண்ணைக் கட்டுகிறது

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் தூரத்தைக் கூட்டத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதையொட்டியவைதான். விடியற்காலை ஓட்டம் நன்றாகப் போகிறது, சாயங்காலம் ஆனால் உடம்பு உட்கார்ந்துவிடுகிறது என்கிறார்கள். விளையாட்டு மருத்துவராக நான் தினமும் கேட்கும் புகாரும் இதுவே. சோர்வு மாலையில் தெரிந்தாலும் அதன் காரணம் பெரும்பாலும் அன்று காலையிலோ முந்தைய இரவிலோ இருக்கிறது.

வேளச்சேரி, வயது 36: எடை 70 கிலோ, ஐ.டி. வேலை. 3 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன் இரண்டு மாதத்தில் 8 கிலோமீட்டருக்கு வந்துவிட்டேன், வாரம் ஐந்து நாள். காலை 4.45-க்கு எழுந்து பால் இல்லாத காபி மட்டும் குடித்துவிட்டு ஓடுகிறேன். ஒன்பது மணிக்கு மூன்று இட்லி. மாலை வீட்டுக்கு வந்தால் மகளோடு விளையாடக்கூடத் தெம்பில்லை, சோஃபாவிலேயே தூங்கிவிடுகிறேன். வைட்டமின் மாத்திரை எடுக்கலாமா டாக்டர்?

மாத்திரை இருக்கட்டும், முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி என்ற அளவில் செலவாகும். 3 கிலோமீட்டர் ஓடிய காலத்தில் உங்களுக்கு 210 கலோரி செலவானது. இப்போது 560. அதாவது ஓடும் நாள் ஒவ்வொன்றிலும் 350 கலோரி கூடுதல். தட்டில் என்ன கூடியிருக்கிறது? அதே மூன்று இட்லி.

கல்லீரல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கும் சர்க்கரை சுமார் 100 கிராம்தான். நீங்கள் தூங்கும்போது மூளைக்குச் சர்க்கரை கொடுத்துக் கொடுத்தே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். அந்த நிலையில் எழுந்து 8 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். ஆறரை மணிக்கு முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது மணி வரை வயிறு காலி. அந்தப் பள்ளத்தை மூன்று இட்லி நிரப்பாது, மதியச் சாப்பாடும் முழுதாக நிரப்பாது. மாலையில் உங்களைச் சாய்ப்பது அந்த மிச்சக் கடன்தான்.

ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழமோ மூன்று பேரீச்சம்பழமோ சாப்பிடுங்கள். காபி அதனோடு இருக்கட்டும். ஓடி முடித்த முக்கால் மணி நேரத்துக்குள் சரியான சாப்பாடு வேண்டும். ஐந்து இட்லி, பருப்பு நிறையப் போட்ட சாம்பார், இரண்டு முட்டை. முட்டை சாப்பிடாதவர் என்றால் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும். புரதத்தை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களைப் போல ஓடுகிறவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 1.2 கிராம் தேவை, உங்களுக்கு 84 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். இட்லி, சோறு, தோசை என்று போகும் நம் சாப்பாட்டில் புரதத்தைத் தேடித்தான் சேர்க்க வேண்டும்.

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும், ஓட்டத்தைக் கூட்டும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக. 4.45-க்கு எழுபவர் 9.45-க்காவது விளக்கை அணைத்திருக்க வேண்டும். வேலையால் அது முடியாத இரவு வந்தால், மறுநாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஓடும் 8 கிலோமீட்டரைவிட அந்த ஓய்வு உங்கள் பயிற்சிக்கு அதிகம் உதவும்.

கோவை, வயது 29: ரேஸ் கோர்ஸில் ஒரு குழுவோடு ஓடுகிறேன். எல்லோரும் என்னைவிட வேகம். விடாமல் ஈடுகொடுக்கிறேன். கைக்கடிகாரத்தில் தினமும் இதயத் துடிப்பு 172, 175 என்று காட்டுகிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆனாலும் மாலையில் கால் இரண்டும் கல்லாகக் கனக்கின்றன.

முதலில் அந்த எண்ணைச் சரிபாருங்கள். மணிக்கட்டில் ஒளியை வைத்துத் துடிப்பை அளக்கும் கடிகாரங்கள் சில நேரம் இதயத் துடிப்பை விட்டுவிட்டு, கால் தரையில் படும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். பலருக்கும் அது நிமிடத்துக்கு 160, 170 காலடிகள். நின்றவுடன் கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். அதுவும் 170-க்கு மேல் வந்தால், தினமும் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

நெடுந்தூர ஓட்டத்தில் பெரும்பகுதி மெதுவாக ஓட வேண்டியது. உலகத் தர வீரர்களின் பயிற்சிகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் சுமார் 80 சதவீதம் எளிய வேகத்தில் போவதைக் கண்டார். கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 50 நொடி. அதே கென்யாவில் பெரிய வீரர்கள் எளிய நாட்களில் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு ஆற அமரத் தொடங்குவது சாதாரணம். அவர்களே அப்படி என்றால் நாம் எதற்கு அவசரப்பட வேண்டும்?

ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் நேற்று பார்த்த படத்தின் கதையை முழு வாக்கியங்களில் சொல்ல முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் குறைத்துவிடுங்கள். குழுவோடு வாரம் ஒரு நாள் வேகமாக ஓடுங்கள், மற்ற நாட்களில் உங்கள் வேகத்துக்கு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், அல்லது தனியாக ஓடுங்கள். முதல் இரண்டு வாரம் மனசு கேட்காது. அப்புறம் மாலையில் கால் லேசாகிவிட்டதை நீங்களே சொல்வீர்கள்.

சேலம், வயது 33: மாலை ஐந்து மணிக்கு ஒரு ஸ்ட்ராங் காபி குடித்தால்தான் தெம்பு வருகிறது. தவறா?

காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழம் குறையும், மறுநாள் மாலை இன்னும் பெரிய டம்ளர் கேட்கும். காபியை இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு வேர்க்கடலையோ சுண்டலோ சாப்பிடுங்கள்.

திருச்சி, வயது 54: சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். நடைப்பயிற்சியிலிருந்து மெதுவோட்டத்துக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. இப்போது 5 கிலோமீட்டர். மாலை ஐந்து மணிவாக்கில் சோர்வோடு கையும் நடுங்குகிறது, வியர்க்கிறது. வயதானால் இப்படித்தான் என்கிறார்கள்.

ஐயா, இதை வயதின் மேல் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதற்கானவை. மறுபடி நடுக்கம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். கருவி கையில் இல்லை என்றால் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள்.

காலையில் ஓடியதற்கு மாலையில் ஏன் என்று தோன்றும். உழைத்த தசைகள், காலியான சேமிப்பை நிரப்பிக்கொள்ள ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். 24 மணி நேரம் வரைகூட இது நீடிக்கலாம். கிளிமிபிரைடு தன் பங்குக்கு இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும். உங்கள் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். ஓட்டம் பலன் தருவதால் மாத்திரையின் அளவு குறைய வாய்ப்புண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம். அவரைப் பார்க்கும்வரை தூரத்தைக் கூட்டாதீர்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள்.

தூத்துக்குடி, வயது 45: ஓடி முடித்தால் பனியனைப் பிழியலாம். நாள் முழுக்க நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். ஆனாலும் மாலையில் தலைவலி, உடம்பில் பலமே இல்லை.

கடலோர ஊரில் விடியற்காலையில் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். வியர்வை காயாது, உடம்பு குளிராது, அதனால் இன்னும் வியர்க்கும். வியர்வையோடு உப்பும் போகிறது. ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும், ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் ஒரு கிராம் சோடியம், அதாவது இரண்டரை கிராம் உப்பு. நீங்கள் தண்ணீரை மட்டும் திருப்பிக் கொடுக்கிறீர்கள், உப்பைக் கொடுக்கவில்லை.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. வீடு திரும்பியதும் உப்புப் போட்ட மோர், அல்லது நீராகாரம். பழைய சோறும் மோரும் கிடைத்தால் இன்னும் நல்லது, மாவுச்சத்தும் சேர்ந்து வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் ஓ.ஆர்.எஸ். கரைசல் குடிக்கலாம். பெரிய பொட்டலம் ஒன்றுக்குச் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். ரத்த அழுத்தம் இருந்தால் உப்பைக் கூட்டும் முன் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

திருநெல்வேலி, வயது 41: பள்ளி ஆசிரியை. 6 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆனால் பள்ளியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையில் விடைத்தாளை எடுத்தால் எழுத்து மங்குகிறது. மாதவிலக்கு அதிகமாகப் போகிறது.

நாளைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பாருங்கள். கையிருப்பு இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் கையிருப்பு வற்றிப்போயிருக்கலாம், அப்போதே சோர்வு தொடங்கிவிடும். தைராய்டும் பி12-ம் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஓட்டம் அதன் மேல் இன்னொரு செலவு வைக்கிறது. பாதம் தரையில் மோதும்போது சில சிவப்பணுக்கள் உடையும், வியர்வையிலும் கொஞ்சம் இரும்பு போகும்.

முருங்கைக்கீரையோ சுவரொட்டியோ எதைச் சாப்பிட்டாலும், டீயை அதிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மருத்துவர் மாத்திரை எழுதினால், ஓடி முடித்த அரை மணிக்குள் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஓட்டம் முடிந்து மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, இரும்பு குடலிலிருந்து ரத்தத்துக்குள் போவதைக் குறைக்கும். அதிக ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் இரும்பை மட்டும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

மதுரை, வயது 24: வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் பாதுகாப்பு என்கிறார்களே, சரியா?

நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை வைத்து நடந்த, 2008-ல் வெளியான ஒரு ஆய்வில், 10 சதவீத விதிப்படி மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் சற்று வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காயங்கள் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் வந்தன. அதனால் அந்த எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். மூன்று வாரம் கூட்டுங்கள், நான்காவது வாரம் தூரத்தில் கால்வாசியைக் குறையுங்கள். எழுந்தவுடன் படுக்கையிலேயே நாடியை எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக மூன்று நாள் தொடர்ந்தால் அந்த வாரம் கூட்டாதீர்கள்.

ஈரோடு, வயது 38: இல்லத்தரசி. காலை 4.15-க்கு எழுந்து 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். 5.30-க்கு வந்தால் டிபன், மூன்று பேருக்கு மதிய டப்பா, துணி. நான் சாப்பிடப் பத்து மணி ஆகிவிடும். ராத்திரி பாத்திரம் கழுவிப் படுக்க 11 மணி. மாலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. ஓட்டத்தை விடு என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனமில்லை.

விடாதீர்கள் அம்மா. உங்களைச் சோர்வாக்குவது அந்த 5 கிலோமீட்டர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்தேகால் மணி நேரத் தூக்கமும், ஓடிய பிறகு நாலரை மணி நேரப் பட்டினியும்தான். 2019-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள், அந்த வேலை செய்த ஆண்கள் 97 நிமிடம். உங்கள் நாளில் சுருங்க வேண்டியது ஓட்டம் இல்லை.

இந்தப் பதிலை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது படித்துக் காட்டுங்கள். இரவுப் பாத்திரம் இனி வேறொருவர் கையில், நீங்கள் 9.30-க்குப் படுக்கைக்குப் போக வேண்டும். காலையில் இட்லிக் கொப்பரையிலிருந்து இறங்கும் முதல் ஈடு உங்களுக்கு. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் டப்பா கட்ட வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் அலாரம் வைத்து 20 நிமிடம் படுங்கள், அதற்கு மேல் போனால் எழும்போது தலை பாரமாகும். இதெல்லாம் பழகும்வரை 3 கிலோமீட்டர் போதும். ஃபெரிட்டினும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரம் இப்படிப் போன பிறகும் ஆறு மணிக்கு நிற்க முடியவில்லை என்றால், பரிசோதனை முடிவோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.