படத்தில் பார்த்த உடையை நமக்கு ஏற்றதாக்கிக்கொள்வது எப்படி?

திரைப்படங்களில் பிடித்துப்போகும் உடைகளைக் கொண்டு நமக்கென்று ஓர் உடைப் பாணியை அமைத்துக்கொள்ள முடியுமா, அப்படிச் செய்தால் மாறுவேடப் போட்டிக்குக் கிளம்பியது போலத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும் என்பதே என் அனுபவம். ஆனால் கடைக்குப் போய் அந்த உடையின் நகலைத் தேடுவதற்கு முன்னால், அதை வடிவமைத்தவர் என்ன காரணத்துக்காக அந்த நிறத்தையும் வெட்டையும் துணியையும் தேர்ந்தெடுத்தார் என்று ஊகித்துப் பார்க்க வேண்டும். நமக்குப் பயன்படுவது பெரும்பாலும் அந்தக் காரணம்தான்.

2018இல் வெளியான '96' படத்தில் த்ரிஷா அணிந்திருந்த மஞ்சள் குர்த்தாவை நினைவிருக்கும். படம் வந்த வேகத்தில் அதன் நகல்களும் கடைகளுக்கு வந்துவிட்டன. வாங்கியவர்களில் பலர் ஓரிரு முறை அணிந்ததோடு சரி. படத்தின் பெரும்பகுதி ஒரே இரவில் நடக்கிறது. பள்ளித் தோழர்கள் கூடும் விருந்து, கார்ப் பயணம், தெருவில் நெடுந்தூர நடை என அத்தனைக்கும் அந்த ஒரே உடை ஈடுகொடுக்க வேண்டியிருந்ததால், தளர்வான குர்த்தாவும் நீல ஜீன்ஸும் மிகக் குறைந்த நகையும் போதுமென்று வைத்திருக்கிறார்கள். சென்னையின் இரவு வெளிச்சத்தில் அந்த மஞ்சள் தனியே தெரிந்தது. அதே மஞ்சள் அலுவலகத்து டியூப்லைட்டின் கீழ் வேறு நிறமாகத் தெரியும். அந்த நிறம் உங்களுக்கு ஒத்துவராவிட்டாலும், காலை முதல் இரவு வரை எங்கு வேண்டுமானாலும் போய்வரக்கூடிய ஓர் உடை, அதில் கண்ணில் படும்படி ஒரே ஒரு நிறம் என்ற கணக்கு யாருக்கும் ஒத்துவரும்.

திரையில் தெரியும் நிறத்தை நம்பித் துணி எடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒளிப்பதிவாளரும் கலை இயக்குநரும் ஆடை வடிவமைப்பாளரும் சேர்ந்து முடிவு செய்த நிறம், படப்பிடிப்பு முடிந்த பிறகு நிறத் திருத்தத்தில் மறுபடியும் மாற்றப்படுகிறது. தூய வெள்ளை கேமராவில் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுக்கும் வழக்கமும் உண்டு. நடிகரின் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்திருப்பதால் முன்பக்கம் கச்சிதமாகத் தெரிகிறது. இதையெல்லாம் அறிந்துகொண்டால், அதே அளவு எடுத்தும் நமக்கு மட்டும் ஏன் அப்படி உட்காரவில்லை என்ற வருத்தம் குறையும்.

பாணி என்பதைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த படம், வாங் கர் வாய் இயக்கி 2000இல் வெளிவந்த 'இன் த மூட் ஃபார் லவ்'. 1960களின் ஹாங்காங்கில் நடக்கும் கதை. ஆடைகளையும் கலை வடிவமைப்பையும் மட்டுமல்லாமல் படத்தொகுப்பையும் கவனித்துக்கொண்டவர் வில்லியம் சாங். சுவர்த்தாளும் திரைச்சீலையும் கதாநாயகியின் உடையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு அது ஒரு காரணமாக இருக்க வேண்டும். மேகி சுங் படம் நெடுகிலும் சோங்சாம் என்னும் சீன உடையையே அணிகிறார். கழுத்தை நெருக்கிப் பிடிக்கும் உயரமான காலர், உடலோடு ஒட்டிய வெட்டு ஆகிய இரண்டும் மாறுவதே இல்லை. துணி மட்டும் பூப்போட்டது, கோடு போட்டது, ஒற்றை நிறம் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. உடை மாறியிருப்பதைக் கொண்டுதான் நாள் மாறியிருப்பதையே நாம் பல இடங்களில் உணர்கிறோம். இரவில் நூடுல்ஸ் வாங்கத் தூக்கோடு படியிறங்கும்போதும் அவர் அப்படித்தான் இருக்கிறார். நூடுல்ஸ் வாங்கப் போவதற்கு இவ்வளவு அலங்காரமா என்று அக்கம்பக்கத்தார் பேசிக்கொள்ளும் இடமும் படத்தில் வருகிறது.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம் ஊர் வெயிலில் சோங்சாம் அணியச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு நன்றாக அமைந்த ஒரு வெட்டைக் கண்டுபிடித்து, அதிலேயே நின்று, துணியை மட்டும் மாற்றிக்கொண்டே போவது என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. நம் தையற்கடைகளில் 'அளவு ஜாக்கெட்' கொடுக்கும் வழக்கம் இதற்கு வெகு பொருத்தம். மிகச் சரியாக அமைந்த ஒரு குர்த்தாவையோ சட்டையையோ அதேபோல் அளவுக்கென்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மங்களகிரிப் பருத்தி, கலம்காரி, இக்கத் என்று மூன்று துணிகளில் அதையே தைத்து அணிந்தால், சில மாதங்களில் மற்றவர்கள் உங்களை அந்த வடிவத்தோடு அடையாளம் காணத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் புது மாடல் தேடுகிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

வெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உடலமைப்பைப் பார்க்க வேண்டும். இதில் ஹாலிவுட்டின் பழைய வடிவமைப்பாளர்கள் கைதேர்ந்தவர்கள். 'சப்ரினா' (1954) படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் அணிந்த, தோளிலிருந்து தோளுக்கு நேராக ஓடும் கழுத்து அவருடைய கழுத்தெலும்புக் குழிகளை மறைத்தது. (அந்தப் படத்தின் ஆடைகளில் சில பாரிஸ் வடிவமைப்பாளர் கிவான்ஷியின் கைவண்ணம், ஆஸ்கர் விருது என்னவோ படத்தின் ஆடை வடிவமைப்பாளர் எடித் ஹெட்டின் பெயருக்குத்தான் போனது.) நம் தையற்காரர்கள் 'போட் நெக்' என்று சொல்லித் தைத்துத் தருவதும் இந்த வகைக் கழுத்தைத்தான். இதற்கு நேர் எதிராக, ஜோன் கிராஃபோர்டின் அகன்ற தோள்களை மறைக்க முயலாமல், வடிவமைப்பாளர் ஏட்ரியன் அவற்றை மேலும் எடுத்துக்காட்டும்படி உடை தைத்தார். அகன்ற தோளே அந்த நடிகையின் அடையாளமாயிற்று. என் மனம் ஏட்ரியன் பக்கம்தான் சாய்கிறது. மறைத்துக்கொண்டே இருப்பதில் களைப்பு மிகுதி.

ஆண்களுக்கும் இது பொருந்தும். 2011இல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு நாயகனாக வந்ததற்குப் பிறகு, சாயம் பூசுவதை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சிலருக்காவது துணிச்சல் வந்திருக்கும். புதிதாக எதையும் வாங்க வேண்டாத பாணி அது.

ஒரு படத்தின் பெயரையோ நடிகையின் பெயரையோ சுமந்து வரும் பொருளை மட்டும் யோசித்து வாங்குங்கள். 1980களில் நதியா கம்மல், நதியா வளையல் என்று கேட்டு வாங்கிய தலைமுறை நம் வீடுகளிலேயே இருக்கிறது. அவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பெயருக்காக வாங்கியது அந்தப் பெயர் அடங்கியதும் பெட்டிக்குள் போய்விடும்.

வேடம் போட்டது போலத் தெரியாதா என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அப்படித் தெரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். தலைமுடி, காதணி, உடை, செருப்பு எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்திடமிருந்து எடுப்பது முதலாவது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எப்போதும் போல் விட்டுவிட்டால் எவரும் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, துணியின் புதுமை. படங்களில் அன்றாட உடை இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே புதுத் துணியைப் பலமுறை துவைத்தும் தேய்த்தும் பழசாக்குவது ஆடைக் குழுவினரின் வேலைகளில் ஒன்று. நீங்களும் கஞ்சியும் கடைவாசனையும் போகும்வரை துவைத்து, வீட்டில் சில நாள் அணிந்து, பிறகு வெளியே அணிந்து செல்லலாம்.

பார்க்கும் விதத்திலும் ஒரு யோசனை உண்டு. பாடல் காட்சிகளை விட்டுவிடுங்கள். அந்தப் பாத்திரம் சமைக்கும், பேருந்துக்குக் காத்திருக்கும், சண்டை போடும் காட்சிகளை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். நாயகியை விட அவளுடைய அக்காவோ தோழியோ அணிந்திருப்பது நம் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பல படங்களில் காணலாம். பிடித்த காட்சியை நிறுத்திப் படமெடுத்துத் தையற்காரரிடம் காட்டும்போது முன்பக்கத்தை மட்டும் காட்டாமல், கை, கழுத்தின் பின்பக்கம், நீளம் எங்கே முடிகிறது என்பவை தெரியும் படங்களையும் சேர்த்துக் காட்டுங்கள்; விலை உயர்ந்த துணியில் கை வைப்பதற்கு முன் மலிவான பருத்தியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.