இளையகார்த்திக் பாட்டு

கேள்வி: என் நண்பர் அனுப்பிய சிறுகதையை ‘ஏற்கெனவே வந்தது’ என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பெயர், ஊர், முடிவு எல்லாவற்றையும் மாற்றித்தானே எழுதியிருக்கிறார்? கம்பனே வால்மீகியைப் பார்த்து எழுதியவர்தானே?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நண்பர் என்றே வைத்துக்கொள்வோம்.

கம்பரை இழுத்துவிட்டீர்கள், அவரிடமிருந்தே தொடங்குகிறேன். தேவபாடையில், அதாவது சமஸ்கிருதத்தில், இந்தக் கதையைச் செய்தவர்கள் மூவர், அவர்களில் முந்தியவர் சொன்னபடி தமிழில் பாடுகிறேன் என்று பாயிரத்திலேயே அவையறியச் சொல்லிவிட்டுத்தான் அவர் கதைக்குள் போகிறார். போன பிறகும் சும்மா இல்லை. வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் ராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துப் போகிறான். இப்படிப்பட்டதை வழிநூல் என்கிறது நன்னூல். ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’, அதாவது பின்னால் வந்தவர் விரும்பிச் செய்த வேறுபாடு, அதில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

உங்கள் நண்பர் செய்த விகற்பம் என்ன தெரியுமா? மூலக்கதையின் நாயகன் பெயர் ராஜா. கணினியில் ஒரே தட்டில் அதைக் கார்த்திக் ஆக்கியிருக்கிறார். கணினிக்கு என்ன தெரியும், ராஜா என்று கண்ட இடத்திலெல்லாம் மாற்றிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் கார்த்திக், ‘மகாகார்த்திக் மளிகை’ வாசலில் நிற்கிறான். எதிர் டீக்கடையில் ‘இளையகார்த்திக் பாட்டு’ ஓடுகிறது. உதவி ஆசிரியர் வாசித்துக் காட்டியபோது அலுவலகமே சிரித்தது. மெய்ப்புப் பார்ப்பவர் மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய், ஆறு வருடத்துக்கு முந்தைய நம் இதழ் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். படியில் ‘வழுக்கி விழுந்தாள்’ என்பது அதில் ‘வழுக்கை விழுந்தாள்’ என்று அச்சாகியிருந்தது. அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை, மறப்பாரா? உங்கள் நண்பரின் நாயகிக்கும் அதே படியில் வழுக்கை விழுகிறது. (சுவடி பதிப்பித்தவர்கள் கையாண்ட வழிதான் இது. இரண்டு ஏட்டில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கும், அல்லது இரண்டுக்கும் தாய் ஏடு ஒன்று.)

மூலக்கதையை எழுதிய அம்மையாரிடம் பேசினேன். அவர் கதையில் அந்தப் பாட்டு மின்வெட்டால் பாதியில் நின்றுபோகும். மீதியை டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி தானே பாடி முடிப்பார். அம்மையாரின் அப்பா டீக்கடை வைத்திருந்தவர், அப்படித்தான் பாடுவாராம். உங்கள் நண்பர் அந்தப் பத்தியை வெட்டிவிட்டார். நீளம் கருதியோ என்னவோ. கதையின் உயிரே அங்கேதான் இருந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வெறும் கருவுக்குக் காவல் நிற்பதில்லை. எழுதிய வடிவத்துக்குத்தான் நிற்கிறது. ஏழைப் பையன் பணக்காரப் பெண்ணைக் காதலிப்பதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள், என் மேசையே சாட்சி. எழுதியவரின் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. அந்த உரிமையை விற்றுவிட்டாலும், ‘எழுதியவர் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கும். பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கியது, பிறகு அவை பொதுச்சொத்தாயின. இன்று யாரும் அச்சிடலாம். அதற்காகக் கீழே உங்கள் நண்பர் பெயரைப் போட முடியுமா?

கும்பகோணத்தில் டீக்கடைக்கா பஞ்சம்? நண்பரை ஒன்றில் போய் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். அங்கே என்ன பாட்டு ஓடியது, யார் என்ன பேசினார்கள் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பட்டும். உதவி ஆசிரியரிடம் கொடுக்காமல் நானே படிக்கிறேன்.