நிலம் மாறினால் வேட்டை முறை மாறுவது ஏன்?

கேள்வி: ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள கலகாரி வறள்நிலத்தின் சான் மக்களிடம் நச்சு அம்புகள் இருந்தும், மானை ஓடியே களைக்கச் செய்யும் வேட்டை அங்கு ஏன் நிலைத்தது?

அவர்களுடைய வில் சிறியது. அதன் வலிமை விசையில் இல்லை. ஒருவகை வண்டின் புழுவிலிருந்து எடுத்து அம்பில் பூசும் நஞ்சில்தான் இருக்கிறது. அந்த நஞ்சும் பெரிய விலங்கை உடனே வீழ்த்துவதில்லை. பல மணி நேரம், சில வேளைகளில் நாள் கணக்கில், அடிபட்ட விலங்கின் தடத்தைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். ஆகவே, அம்பு எய்தாலும் ஓடினாலும் அந்த வேட்டைக்கு ஆதாரம் மணலில் பதிந்த தடத்தைப் படிக்கும் அறிவே. அந்த அறிவைத்தான் நான் இவற்றுள் மிகவும் வியக்கிறேன்.

வெயில் 40 டிகிரியைத் தொடும் நண்பகலில் ஓட்டம் மனிதனுக்குச் சாதகமாகிறது. மனிதன் ஓடிக்கொண்டே வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்கிறான். முதன்மையாக மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கும் 'கூடு' (kudu) என்னும் ஆப்பிரிக்க மானால் பாய்ந்தோடும்போது அதைச் சரிவரச் செய்ய முடிவதில்லை. நிழலில் ஒதுங்கும் மானை மீண்டும் மீண்டும் எழுப்பி ஓடவிட்டால், சில மணி நேரத்தில் அது உடல்வெப்பம் மீறி நின்றுவிடும். நிழலும் ஈரமும் நிறைந்த காட்டில் இந்த முறை பயன்படாது.

கேள்வி: அப்படியானால் அடர்ந்த மழைக்காட்டில் என்ன செய்கிறார்கள்?

காங்கோவின் இதூரிக் காட்டில் பார்வை சில அடிகளிலேயே தடைபட்டுவிடுவதால், ம்புத்தி மக்கள் விலங்கைத் தேடிப் போவதைவிட, அதைத் தங்களை நோக்கி வரச் செய்கிறார்கள். கொடிநாரில் பின்னிய வலைகளைப் பல குடும்பங்கள் சேர்ந்து வளைவாகக் கட்டி நிறுத்த, பெண்களும் சிறுவர்களும் எதிர்ப்புறத்திலிருந்து ஒலியெழுப்பிப் புதர்களைக் கலைத்து, சிறு மான்களை வலைக்குள் ஓட்டுகிறார்கள். ஆனால், அதே காட்டில் வாழும் எஃபே மக்கள் பெரும்பாலும் வில்லையே நம்புகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் வழிகளைக் குறுக்குகிறதே தவிர, ஒரே வழியை விதிப்பதில்லை.

கேள்வி: நம் குறிஞ்சி நிலத்து 'அடார்' என்னும் கற்பொறி எந்த வகை?

தினைப்புனத்தைத் தேடி விலங்கே வருவதால் துரத்த வேண்டிய தேவையில்லை. வரும் வழியில் பெருங்கல்லைப் பொறியாக நிறுத்தினாலே போதும். பன்றிக்கு வைத்த அடாரில் புலி சிக்குவதைச் சங்கப் பாடல் பதிவு செய்திருக்கிறது. இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய பொறி குற்றமாகும்.

கேள்வி: மறைவிடமே இல்லாத ஆர்க்டிக் பனிவெளியில்?

குளிர்காலத்தில் சீல் என்னும் கடல் விலங்கு பனிக்கு அடியில் இருக்கும். மூச்சுவிடப் பல துளைகளைத் திறந்து வைத்துக்கொள்ளும். பனி மூடிய துளையை நாய் மோப்பத்தால் காட்ட, இன்யூட் வேட்டைக்காரர் காலடி ஓசை கீழே கேட்காதபடி தோலை விரித்து அதன்மேல் அசையாமல் காத்திருப்பார். ஒரு சீலுக்குப் பல துளைகள் இருப்பதால், பலர் சேர்ந்து ஆளுக்கொரு துளையைக் காப்பதே பயன் தரும். எறியீட்டியின் முனை தண்டிலிருந்து கழன்று தோலுக்கடியில் குறுக்காகத் திரும்பிக்கொள்வதால், கயிற்றில் மாட்டிய சீல் நழுவாது. இளவேனிலில் சீல்கள் மேலே வந்து வெயில் காயும்போது, அதே வேட்டைக்காரர் வெண்திரையின் பின்னே ஊர்ந்தோ, சீலைப் போலவே அசைந்தோ நெருங்குவார்.